கோயில் இட்லி மீது பழி
18 வயதிலேயே ஒருமுறை ரத்தக் கொழுப்பைப் பார்த்துவிடுங்கள் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024இல் சொன்னதைப் படித்தபோது, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வயது 26, ஒரகடத்தில் ஷிப்டு வேலை. 150க்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 310. “எல்லாம் கோயில் இட்லி நெய்தான் சார்” என்றான். பாவம், மிளகும் சுக்கும் மணக்கும் வரதராஜர் கோயில் இட்லி அவனுக்கு வாய்ப்பதே வருஷத்துக்கு இரண்டு தடவைதான். நள்ளிரவுப் பரோட்டாவையும், நாளுக்கு ஆறு சர்க்கரை டீயையும் அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்தக் கொழுப்பை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் மைதாவுக்கும் கைவரிசை அதிகம். உட்கார்ந்த வேலைதான் காரணமோ என்றால், அவன் தாத்தாவும் குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்தான். ஆனால் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. மாத்திரை கேட்டவனிடம் டாக்டர், முதலில் டீயில் சர்க்கரையை நிறுத்து, அடுத்த முறை அப்பாவையும் கூட்டி வா, அவர் ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்றாராம்.