ஓராண்டு விடுப்பும் ஒரு பி.எஃப். சீட்டும்

“இன்னா பாப்பா, வேலைய உட்டுட்டியா?”

போன ஜூன் மாதம், காலை பதினொரு மணிக்கு நான் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துப் பெரியப்பா கேட்டார். விடவில்லை, ஒரு வருசம் லீவு, முழுச் சம்பளம் உண்டு என்றேன். அவர் நம்பவில்லை. முப்பது வருடம் ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர் அவர். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. அவருக்குத் தெரிந்த விடுப்பு விதி அது ஒன்றுதான்.

எனக்குக் கிடைத்தது சபாட்டிகல் என்கிற ஆய்வு விடுப்பு. இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு ஆண்டுகள் முடித்த நிரந்தர ஆசிரியருக்கு இதைத் தரலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. ஒரு தடவைக்கு ஓராண்டு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து இரண்டாண்டு. வேறு எங்கும் முறையான வேலையில் சேரக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே. முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகச் சேர்கிறவர் இணைப் பேராசிரியராக, எல்லாம் தடையில்லாமல் நடந்தால், 4, 5, 3 என்று 12 ஆண்டுகள். அதற்கு மேல் ஏழு. மொத்தம் 19. இருபத்தேழு வயதில் நிரந்தர வேலைக்குப் போனவர் 46 வயதில் கேட்கலாம். கௌரவ விரிவுரையாளராக ஊர் ஊராக அலைந்து நான் நிரந்தரப் பணியில் சேர்ந்தபோது வயது 34. இப்போது 54. தகுதி, திறமை என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த எட்டு ஆண்டு இடைவெளி எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்பதில்லை.

அண்ணல் அம்பேத்கருக்கு இந்த விதிகூட இருக்கவில்லை. பரோடா அரசின் உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்ற அனுமதி மட்டும் கையில் இருந்தது. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதைச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்த கல்லூரி அது. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகாராஜாவின் உதவியையும் நண்பர் நாவல் பாத்தேனாவிடம் வாங்கிய கடனையும் சேர்த்து, வேலையை விட்டுவிட்டு 1920இல் கப்பலேறினார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கெடு எப்போது முடிகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் அது.

எடுத்துக்கொண்டேனே தவிர, கடைப்பிடிக்கவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதற்காவது போங்கள் என்றார்கள் சக ஆசிரியர்கள். தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுத வேண்டும், ஊரிலேயே இருக்கிறேன் என்றேன். ஊரில் முதலில் படித்தவள் வீட்டில் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நான் எழுதியவை: சாதிச் சான்றிதழ் மனு நான்கு, கல்விக் கடன் விண்ணப்பம் இரண்டு, முதியோர் ஓய்வூதிய மனு ஐந்து, பி.எஃப். பணம் கேட்டு ஏழு. ஆய்வுக் குறிப்பேட்டில் ஒன்பது பக்கம்கூட இல்லை. “டீச்சர் லீவுலதானே இருக்காங்க” என்று யாராவது வாசலில் நின்றபடியே இருந்தார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். பெண்ணுக்கு விடுப்பு என்றால் சமையலறைக்குக் கூடுதல் ஆள் என்று பொருள்.

செப்டம்பரில் ஒழுங்கு வைத்தேன். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை. எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், சில நாள் தரமணி ரோஜா முத்தையா நூலகம். மனுக்கள் எல்லாம் சனிக்கிழமை மாலை, எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்தில் மட்டும்.

காப்பகத்தில் தோல் இருந்தது, தொழிலாளி இல்லை. எத்தனை தோல் கப்பலேறியது, ஆவாரம் பட்டை என்ன விலை, ஆல்பிரட் சாட்டர்டன் செய்த குரோம் சோதனைகள் எப்படிப் போயின, எல்லாம் கிடைக்கிறது. குழிக்குள் இறங்கியவர் பெயர் கிடைப்பதில்லை. பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை மறுபடி வாசித்தேன். அதில் நம் மாவட்டத்துக்கு ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்று பெயர் இருக்கிறது. மறு ஆண்டே அந்தப் பெயர் போய்விட்டது. பாழான விளைநிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்று தீர்ப்பு சொல்கிறது. பாழான கை கால்களுக்கு அதில் கணக்கு எதையும் நான் காணவில்லை. 2015 ஜனவரி 31 விடியலில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்கத்துக்காரர்கள். நம் ஆட்கள் கொஞ்சம் வெளியே வந்ததும் அந்த இடத்துக்கு வேறு ஊர் ஏழைகள் வந்திருக்கிறார்கள்.

நான் தேடியது சனிக்கிழமை மனுக்களில்தான் கிடைத்தது. பெரியப்பாவின் பி.எஃப். சீட்டை விரித்துப் பார்த்தேன். முப்பது வருடம் ஒரே கம்பெனி. சீட்டில் ஆறு வருடம்தான். அதிலும் மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பெயர். மற்ற ஆறு பேரின் காகிதங்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஜூனிலேயே என் மேசைக்கு வந்த ஆவணங்கள் இவை. தொந்தரவு என்று நினைத்து நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மனுவோடும் ஒரு பேச்சுப் பதிவு. இதுவரை 23 பேர் பேசியிருக்கிறார்கள். நகம் கரைந்தது, குரோம் பட்ட இடத்தில் ஆறாத புண், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழுந்து போனது. “பிரியாணித் திருவிழாவுல மாட்டுக்கறிக்கு எடமில்லன்னாங்க. தோலுக்கு மட்டும் எடம் இருக்குது” என்று ஒரு அக்கா 2022ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தார். பெயரோ கம்பெனியோ வெளியே வராது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் இன்னும் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள்.

எனக்குத் தூக்கம் கெடுக்கிற விசயம் வேறு. என் வகுப்புகளை இப்போது எடுப்பவர் என் பழைய மாணவி, கௌரவ விரிவுரையாளர். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் சொன்னது. அவருக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. என் முழுச் சம்பள ஓய்வு அவருடைய அரைச் சம்பள உழைப்பின் மேல் நிற்கிறது. சபாட்டிகல் கேட்கும் உரிமை உதவிப் பேராசிரியர்களுக்கும் வேண்டும். ஐந்தாண்டு கற்பித்த கௌரவ விரிவுரையாளருக்கு ஊதியத்தோடு ஒரு பருவமாவது ஆய்வுக்கு விட வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பள நிலுவையோடு இதையும் கோரிக்கைப் பட்டியலில் வைக்கட்டும்.

இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பதிவுகளின் ஒரு பிரதி படிப்பகத்தில் இருக்கும், யார் கேட்கலாம் என்பதைப் பேசியவர்களே முடிவு செய்வார்கள். பெரியப்பாவின் மனு வேலூர் பி.எஃப். அலுவலகத்தில் இருக்கிறது. கூட வேலை பார்த்த இரண்டு பேரின் சாட்சிக் கடிதத்தை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.