ஒரு கமாவின் விலை 50 லட்சம் டாலர்!



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும், காதல் கதை இருக்கும். நான் இங்கிலீஷ் கமாவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "ஆளை விடுப்பா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கிராமர் கிளாஸ் இல்லை, நம்ம பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

"மீனிங் புரிஞ்சா போதாதா? கமாவாவது செமிகோலனாவது!" ஹாஸ்டலில், கேண்டீனில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நியாயமான கேள்விதான். ஆனால் எந்த மீனிங் புரிந்தது என்பதில்தானே சிக்கலே! அண்ட், ஆர், பட், பிகாஸ் போன்ற இணைப்புச் சொற்களும் அவற்றுக்குப் பக்கத்தில் வரும் கமாவும் இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்று ஒரு பால் நிறுவனம். அந்த மாநிலச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் உணவுப் பொருள் சம்பந்தமான சில வேலைகளுக்கு அந்த ஓவர்டைம் கிடையாது. பதப்படுத்துவது, உலர்த்துவது, சேமித்து வைப்பது என்று கமா போட்டு அடுக்கிக்கொண்டே போன சட்டம், கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடிந்தது. 'ஆர்' என்பதற்கு முன்னால் கமா இல்லை.

அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ 'பேக்கிங்' செய்வது என்ற ஒரே வேலையா? இல்லை, பேக்கிங் ஒரு வேலை, விநியோகம் தனி வேலையா? லாரி டிரைவர்கள் விநியோகம் செய்கிறவர்கள். பேக்கிங் செய்கிறவர்கள் அல்ல. எனவே தங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை, அதனால் தொழிலாளிக்குச் சாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018-ல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஒரு கமா இருந்திருந்தால் டிரைவர்களுக்கு ஓவர்டைம் கிடைத்திருக்காது. அது இல்லாததால் கிடைத்தது!

"அது அமெரிக்கா, கோர்ட்டு. நமக்கென்ன?" என்பீர்கள். சரி, நம்ம ஒர்க்‌ஷாப்புக்கே வருவோம். ஒரு பேனல் மேல் இப்படி எழுதி ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'ஸ்விட்ச் ஆஃப் தி மெயின் அண்ட் ரிமூவ் தி ஃபியூஸ் ஆர் லாக் தி பேனல்.' லாஜிக் கேட் படித்த நமக்கு உடனே பொறி தட்ட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, பிறகு ஃபியூஸைக் கழற்றுவதோ பேனலைப் பூட்டுவதோ போதும் என்று ஒருவர் படிப்பார். பேனலைப் பூட்டினாலே போதும், மெயினை அணைக்க வேண்டாம் என்று இன்னொருவர் படிப்பார். இரண்டாமவர் கதி என்ன? பூலியன் கணக்கில் முதலில் அண்ட், பிறகு ஆர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பிராக்கெட் போடுகிறோம். பேச்சு மொழியில் அந்த வழக்கம் கிடையாது. அங்கே கமாதான் பிராக்கெட்! 'மெயின்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கமா போடுங்கள், முதல் அர்த்தம் பளிச்சென்று நிற்கும்.

நமக்கு இது ஏன் தடுமாறுகிறது? மூளை இல்லாமல் அல்ல. தமிழ் வேறு வழியில் போகிறது, அவ்வளவுதான். 'போல்ட்டும் நட்டும் வாஷரும்' என்று ஒவ்வொன்றுக்கும் 'உம்' ஒட்டுகிறோம். கமாவுக்கு வேலையே இல்லை. இங்கிலீஷில் கடைசிப் பொருளுக்கு முன்னால் ஒரே ஒரு 'அண்ட்'. அதேபோல் 'மழை பெய்தாலும், ஆனால் பஸ் வந்தது' என்று யாரும் தமிழில் சொல்வதில்லை. ஆனால் 'ஆல்தோ இட் ரெயின்ட், பட் தி பஸ் கேம்' என்று கூசாமல் எழுதுகிறோம். ஆல்தோ, பட் இரண்டில் ஒன்று போதும்!

எனக்குப் பயன்பட்ட நாலு விதிகளைச் சொல்கிறேன்.

1. அண்ட், பட், ஆர், நார், சோ, யெட், ஃபார் என்ற ஏழில் ஒன்று இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்த்தால் அதற்கு முன்னால் கமா. 'தி ஃபியூஸ் ப்ளூ, பட் தி மோட்டார் வாஸ் சேஃப்.' பின்பாதிக்குத் தனி எழுவாய் இல்லையென்றால் பொதுவாகக் கமா வேண்டாம்.

2. இஃப், வென், பிகாஸ், ஆல்தோ என்று ஆரம்பித்தால் அந்தப் பகுதி முடிந்ததும் கமா. 'இஃப் தி லேம்ப் குளோஸ், ஸ்டாப் தி மெஷின்.' திருப்பிப் போட்டால் பெரும்பாலும் தேவையில்லை.

3. ஹவெவர், தேர்ஃபோர் இரண்டும் 'பட்', 'சோ' மாதிரி வேஷம் போடும். ஆனால் வெறும் கமாவோடு இரண்டு வாக்கியங்களை இணைக்க அவற்றால் முடியாது. முன்னால் செமிகோலன் அல்லது முற்றுப்புள்ளி, பின்னால் கமா.

4. 'நாட்' வந்து பின்னால் 'பிகாஸ்' வந்தால் உஷார்! 'தி ஆபரேட்டர் வாஸ் நாட் சேஞ்ச்ட் பிகாஸ் தி மெஷின் ஃபெயில்ட்.' கோளாறு மெஷினில்தான், அதனால் ஆபரேட்டரை மாற்றவில்லை என்பதா? மாற்றினார்கள், ஆனால் காரணம் மெஷின் அல்ல என்பதா? 'பிகாஸ்' முன்னால் கமா போட்டால் முதல் அர்த்தம். ஒரு மனிதனின் வேலை அந்தப் புள்ளியில் தொங்குகிறது.

"செல்போனே திருத்திக் கொடுத்துடுமே!" என்று ஒரு கட்சி இருக்கிறது. போன் எழுத்துப் பிழையைத் திருத்தும். இரண்டு அர்த்தம் உள்ள வாக்கியத்தில் நம் மனசில் இருந்தது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை எழுதுகிறவன்தான் சொல்ல வேண்டும்.

நம் ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு நிறுத்தாமல் லேப் மேனுவலையும் ஜாப் கார்டையும் இங்கிலீஷ் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். நண்பர்களுக்கும் ஒன்று: தெரியாதவனைக் கிண்டல் பண்ண இது ஆயுதம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

டிராயிங்கில் ஒரு அளவு விட்டுப்போனால் ஷீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நாமும் முணுமுணுக்காமல் வாங்கித் திருத்துகிறோம். நாளைக்கு ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் நாம் விடும் கமாவை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர் நேரே மெஷின் பக்கம் போய்விடுவார். அவருக்காகவாவது அந்தக் கமாவைப் போடுவோம்!