தூசியும் பாலாலயமும்

சாரம் கட்டிய கோபுரத்தைக் கண்டால் நமக்கு மனக்குறை ஏதும் தோன்றுவதில்லை. "நம் காலத்திலேயே குடமுழுக்கைச் சேவித்துவிடலாம் போலிருக்கிறதே!" என்று கைகூப்பி மகிழ்கிறோம். அதே சாரம், நாம் பணம் கட்டித் தங்கப்போகும் விடுதியின் வாசலில் நின்றால்? சென்ற பங்குனியில், குமரி மாவட்டத்து முட்டத்தில் அடியேனுக்கும் என் இல்லாளுக்கும் நேர்ந்ததை இவ்வாரம் எழுதுகிறேன். விடுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குற்றத்தில் என் பங்கும் ஒன்று உண்டு. என் பெயர்தான் இந்தப் பகுதியின் தலைப்பிலேயே இருக்கிறது, அது போதும்.

என் இல்லாள் நாஞ்சில் நாட்டுப் பெண். இரணியலுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கைப்பிடித்துத் திருச்சிக்கு வந்தவள். மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்குப் போய்ப் பொங்கலிட்டதையும், கடலில் கால் நனைத்ததையும், தலைவலி தீர வேண்டிக்கொண்டு அம்மனுக்குப் படைக்கும் மண்டையப்பத்தின் மணத்தையும் அவள் சொல்லாத வருடம் இல்லை. கொடை முடிந்ததும் அவள் தந்தையார் பிள்ளைகளை முட்டத்துக்கு அழைத்துப் போவாராம். பாறைமேல் உட்கார்ந்து, ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கம் ஏற்றப்படும்வரை காத்திருப்பார்களாம். என் மருமகளுக்கு முட்டம் என்றால் 1981-இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை'. என் இல்லாளுக்கோ முட்டம் என்றால் அவளுடைய அப்பா.

அந்தப் பெரியவர் இல்லை. பிறந்த வீடும் கைமாறிவிட்டது. போனால் தங்க ஓர் இடம் இல்லை என்பதாலேயே பல ஆண்டுகள் போகாமல் இருந்தோம். இதற்கிடையே அவளுடைய வலது முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நலமாக எழுந்து நடந்தால் வெள்ளியில் ஒரு கால் செய்து போடுகிறேன் என்று மண்டைக்காட்டு அம்மையிடம் நேர்ந்துகொண்டாள். நேர்ச்சை இரண்டாண்டுகளாக நிலுவையில் நின்றது. இடது காலுக்கும் செய்தாக வேண்டும் என்று இவ்வாண்டு மருத்துவர் சொன்னார். "பழைய கடனைத் தீர்த்துட்டுதான் அடுத்த காலைக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

நாகர்கோவிலில் பேருந்து நிலையத்தருகே கீழ்த்தளத்தில் ஓர் அறை போதும் என்பது அவள் கருத்து. எனக்குத்தான் ஆசை விடவில்லை. அவள் தந்தையார் காட்டிய கடலை அவள் படுக்கையிலிருந்தே காண வேண்டும் என்று எண்ணினேன். பேரன் கைப்பேசியில் படங்களைக் காட்டினான். வெண்ணிறச் சுவர், நீலக் கடல், சன்னலருகே இரண்டு பிரம்பு நாற்காலிகள். இரண்டு இரவுக்கு 5,600 ரூபாய் முன்பணம் கட்டினோம்.

"லிஃப்ட் இருக்கா, கீழ அறை கிடைக்குமான்னு ஃபோன் பண்ணிக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டாயிற்று" என்றேன். கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் கடல் கைநழுவிப் போகுமே என்ற அச்சம்.

திருச்சியில் இரவு ரயிலேறி, விடியும் முன் நாகர்கோவிலில் இறங்கி, காலைச் சிற்றுண்டி முடித்துக்கொண்டு வாடகைக் காரில் முட்டம் சேர்ந்தோம். விடுதி வாசலில் மணற்குவியல். அதன்மேல் சிமெண்டு மூட்டைகள். உள்ளே டைல்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் அலறல். வரவேற்பு மேசைக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தார்கள். அதன் பின்னாலிருந்து, தலைமுடியெல்லாம் வெண்தூசி படிந்த ஓர் இளைஞன் எழுந்து நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

கீழ்த்தளம் முழுவதும் இடித்துப் போடப்பட்டிருந்தது. லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. குறுக்கே இரண்டு பலகைகள். தங்கத்தக்க நிலையில் இருந்தது இரண்டாம் மாடியில் மூன்று அறைகள் மட்டுமே. முப்பத்தெட்டுப் படிகள். எண்ணியவள் அவள், ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினாள். நான் பின்னால் பெட்டியோடு வந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்குள் போனதும் அவள் நேராகச் சன்னலிடம் சென்றாள். வெளிச்சுவருக்கு வண்ணம் பூசும் வேலை நடந்ததால், சன்னலுக்கு வெளியே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று அடிக்கும்போது அது உப்பும், தணியும். கடலின் ஓசை கேட்டது. கடல் தெரியவில்லை.

குழாயில் துரு கலந்த நீர், வெந்நீர் இல்லாமை, இரவு ஒன்பது வரை ஓயாத இயந்திரம் என்று மற்றக் குறைகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வேறு இடம் தேடலாம் என்றேன். மறுபடி அந்தப் படிகளில் இறங்கி ஏற இன்று தன்னால் ஆகாது என்று கட்டிலில் சாய்ந்துவிட்டாள். உரிமையாளரின் எண்ணுக்கு ஐந்து முறை அழைத்தேன். எடுப்பாரில்லை. இளைஞனிடம் சற்றே உரக்கப் பேசிவிட்டேன். அவன் தலைகுனிந்து, "வேலை நடக்குன்னு ஃபோன்ல சொல்லண்டாம்னு உத்தரவு, பாட்டா. கேட்டா மட்டும் சொல்லலாம்னாங்க" என்றான்.

கேட்டால் மட்டும். அந்தச் சொல் என் நெஞ்சில் எங்கே போய்த் தைத்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

நள்ளிரவில் அவளுக்கு இருமல் தொடங்கியது. புது வண்ணத்தின் நெடியும் சிமெண்டுத் தூசியும் சேர்ந்து மூச்சை அடைத்தன. அவளுக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலரை இருமுறை இழுத்தும் தணியவில்லை. அந்தச் சில நிமிடங்களில் நான் பட்ட பாட்டை எழுத எனக்குச் சொல் இல்லை. ஓசை கேட்டு அந்த இளைஞன் ஓடி வந்தான். நடைவழியின் கோடியில், பூச்சு வேலை தொடங்காத ஒரு திறந்த முற்றம் இருந்தது. அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் உட்காரவைத்தான். "காத்து நல்லா அடிக்கும், இங்க இரிங்க ஆச்சி" என்றான். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தான். உப்புக்காற்று பட்டு அரைமணியில் மூச்சு சீரானது.

அங்கிருந்து கலங்கரை விளக்கின் ஒளி தெரிந்தது. இருளில் சுழன்று சுழன்று வந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்ல, "நான் ஃபோன் பண்ணவே இல்லை" என்றேன்.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றாள். "பண்ணியிருந்தா, அவங்க சொன்னது, நீங்க சொன்னது எல்லாத்தையும் ஒரு மணிநேரம் கதையாச் சொல்லியிருப்பீங்களே."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது விடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டடத்தைப் பழுதுபார்ப்பது குற்றமா? இல்லை. கடலோரக் கட்டடங்களுக்கு உப்புக்காற்று தீராப் பகை. சுவருக்குள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த கம்பி காரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செப்பனிடாவிட்டால் தங்கியிருப்போர் தலையிலேயே விழும். குமரி மாவட்டமோ தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையையும் பெறுவது. கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்களும் சுற்றுலா வருவோரும் நிறைந்திருப்பார்கள். மாசி கழிந்து மழை தொடங்கும்வரை கிடைக்கும் காய்ந்த நாட்களை விட்டால் கொத்தனார் கைவைக்க வேறு காலம் ஏது? பங்குனியில் வேலை தொடங்கியதில் தவறே இல்லை.

ஆனால் இதே நிலை ஆண்டவனுக்கு வரும்போது நம் பெரியோர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்தில் ஆவாகித்து, அத்திப் பலகையிலோ சிறு பிம்பத்திலோ எழுந்தருளச் செய்து, வேறோர் இடத்தில் பாலாலயம் அமைக்கிறார்கள். நித்திய பூஜை அங்கே நடக்கிறது. குடமுழுக்குவரை மூலவர் தரிசனம் இல்லை என்று வாசலிலேயே பலகை வைத்துவிடுகிறார்கள். தொலைவிலிருந்து வருகிறவனுக்கு ஏமாற்றம் உண்டுதான், வஞ்சனை இல்லை.

எங்கள் திருவரங்கத்தில் ஆண்டுதோறும் நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனியில் ஜ்யேஷ்டாபிஷேகம் முடிந்ததும் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு. அதன்பின் 48 நாட்கள் திருமுகத்தை மட்டுமே சேவிக்கலாம். திருவடிகள் திரைக்குள் இருக்கும். இதை முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். திருவடி சேவையே வேண்டும் என்பவர் ஆவணியில் வருகிறார். முகம் கண்டால் போதும் என்பவர் அப்போதே வருகிறார். அரங்கனே தன் மேனியின் காப்பு வேலையைப் பக்தனிடம் ஒளிப்பதில்லை. ஒரு விடுதிக்காரர் ஒளிக்கிறார். அறுபது ஆண்டுகள் அந்த அரங்கன் வாசலில் நின்ற நான், மனைவியிடம் ஒளித்தேன்.

காலையில் மண்டைக்காட்டுக்கு ஆட்டோவில் புறப்பட்டோம். வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணத்தைக் கடந்து, மணவாளக்குறிச்சி வழியே போகிறது பாதை. அம்மை அங்கே புற்றாக எழுந்தருளியிருக்கிறாள். ஏறத்தாழ 15 அடி உயரப் புற்று. பெண்களின் சபரிமலை என்று கேரளத்தார் இருமுடி கட்டி வரும் தலம். 2021 ஜூன் 2-ஆம் நாள் இக்கோயிலின் கருவறைக் கூரையில் தீப்பற்றியதைத் தொலைக்காட்சியில் கண்டு, என் இல்லாள் அன்று முழுவதும் உண்ணாதிருந்தாள். இப்போது அந்தச் சந்நிதியின் முன் நின்று, பட்டுத்துணியில் முடிந்து வைத்திருந்த வெள்ளிக் காலை எடுத்துக் காணிக்கையாகச் செலுத்தினாள். இருமலில் குரல் கம்மியிருந்ததால் வாய்விட்டு எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் மண்டையப்பம் வாங்கி, பாதியைப் பிட்டு என் கையில் வைத்தாள். எனக்குத் தலைவலி ஒன்றும் இல்லை என்றேன். "இனிமே வராம இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் இரவையும் அங்கே கழிக்க நான் ஒப்பவில்லை. முட்டத்துக்குத் திரும்பியதும் அந்த இளைஞனே உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசி, ஓர் இரவுக்கான 2,800 ரூபாயைத் திரும்பப் பெற்றுத் தந்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கும்படி ஒரு நண்பர் பின்னர் சொன்னார். அன்பர்களும் குறித்து வைத்துக்கொள்ளலாம்; பணம் கட்டிவிட்டு ஏமாந்தவர்களுக்குப் பயன்படும். நான் அழைக்கவில்லை. முதலில் என்னை யார்மேல் புகார் செய்யச் சொல்வது என்று தெரியவில்லை. உரிமையாளருக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதினேன்: வேலை நடக்கிறது, லிஃப்ட் இல்லை, சன்னல் மூடியிருக்கும் என்று மூன்று வரி சொல்லியிருந்தால், நாங்கள் இரண்டு மாதம் கழித்து வந்து முழுப்பணமும் கொடுத்திருப்போம் என்று. பதில் இன்னும் வரவில்லை.

ரயில் இரவில்தான் என்பதால், அன்று பிற்பகல் திருவட்டாறு போனோம். 16,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கி, கடுசர்க்கரை யோகம் என்னும் மூலிகைக் கலவையால் அமைந்த 22 அடித் திருமேனியோடு ஆதிகேசவப் பெருமாள் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். மூன்று வாசல்கள் வழியே திருமுகம், நாபி, திருவடி என்று சேவிக்க வேண்டும். 418 ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜூலை 6-ஆம் நாள் அங்கே குடமுழுக்கு நடந்தது. எத்தனை தலைமுறை காத்திருந்து, காணாமலே போய்ச் சேர்ந்திருக்கும்! அவள் தந்தையாரும் அவர்களில் ஒருவர்.

அந்தக் கோயில் மேட்டின்மேல் இருக்கிறது. படியேற வேண்டும். நான் தயங்கி நின்றேன். அவள் என் தோளைப் பற்றிக்கொண்டு, "படி இருக்கும்னு தெரிஞ்சுதானே வந்தோம், ஏறுங்க" என்றாள்.

சென்ற வாரம் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. முட்டத்து இளைஞன். இவள்தான் எடுத்தாள். நலம் விசாரித்துவிட்டு, "வேலை எல்லாம் முடிஞ்சுதா, மக்கா?" என்று கேட்டாள்.

"தார்ப்பாயை எடுத்தாச்சு ஆச்சி, கடல் நல்லாத் தெரியும். லிஃப்ட் மட்டும் இன்னும் வரல்ல. கீழ அறை ஒழிஞ்சா நானே விளிச்சுச் சொல்லுகேன், அப்பம் வாருங்க" என்றானாம்.