மாவு வராத நாளுக்கு

ஊவாவின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் பொழுது விடியுமுன்னே லயத்துக்கு லயம் ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். சம்பலோடு ரொட்டியைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனால் மதியம் வரை வயிறு தாங்கும். அந்த மாவுக்கான கோதுமை இலங்கையில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. அணுகுண்டைப் பற்றிச் சொல்ல வந்த நான் ரொட்டியில் தொடங்குவது அதனால்தான்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டன. இரண்டு பேர் கையிலும் அணுகுண்டு இருக்கிறது. “குண்டு இங்கேயா விழப்போகிறது, நமக்கென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே விழ வேண்டியதே இல்லை. 2022இல் ‘நேச்சர் ஃபுட்’ ஆய்விதழில் விஞ்ஞானிகள் போட்ட கணக்கைப் பாருங்கள். இவ்விரு நாடுகளும் அணுப்போரில் இறங்கினால், எரியும் நகரங்களின் கரிப்புகை மழை எட்டாத உயரத்துக்கு ஏறி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். வெயில் குறையும், விளைச்சல் விழும், தானிய வியாபாரம் நின்றுபோகும். 200 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டினியால் சாகக்கூடும்.

தானியம் விற்பதை நாடுகள் நிறுத்திவிடுமா என்று சந்தேகம் வேண்டாம். உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த 2022 மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. டொலர் இல்லாமல் தவித்த இலங்கையில் அந்த வருடம் மாவு விலை ஏறிய ஏற்றம் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதைவிடக் கொடுமையான வருடம் 1974. மே 18 அன்று இந்தியா பொக்ரானில் தன் முதல் அணுவெடிப்பை நடத்திய அதே வருடம், மலைநாட்டுத் தோட்டங்களில் ஆட்கள் பசியில் செத்தார்கள். ஒன்றால் மற்றது வந்ததென்று சொல்லவில்லை. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேற, வாங்க வழியில்லாத அரசு பங்கீட்டில் கை வைத்தது. கிராமத்துச் சனத்துக்கு மரவள்ளி நடக் கொல்லை இருந்தது, பறிக்கப் பலாமரம் இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லை. தோட்டப்புறத்தில் சாவு நாட்டின் மற்ற இடங்களைவிட அதிகமானது. கப்பல் தவறினால் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

குண்டுக்கு எதிராக நம்மவர் குரல் முன்பே எழுந்திருக்கிறது. உலக நீதிமன்றத்தில் 1996இல், அணு ஆயுதத்தை எந்த நிலையிலும் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் நம் நாட்டு நீதியரசர் வீரமந்திரி. 2023 செப்டம்பரில் இலங்கை அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. மனம் நிறைந்து பாராட்டுகிறேன். ஆனால் இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் இல்லை. இரண்டோடும் நட்பாக இருக்கும் இலங்கை, அவர்களைச் சேரச் சொல்லி ஓயாமல் கேட்க வேண்டும்.

வெளியே அதைச் சொல்லும் அரசு, உள்ளே செய்ய வேண்டியதும் இருக்கிறது. வீட்டுக்கென்று தரும் சில பேர்ச் காணியில் வீடு கட்டினால் மிச்சம் மிளகாய்ச் செடிக்குத்தான் காணும். ஊவாத் தோட்டங்களில் காடேறிக் கிடக்கும் தேயிலைக் காணியில், குடும்பத்துக்கு ஒரு துண்டு, பயிர் செய்ய, உறுதிப்பத்திரத்தோடு தர வேண்டும். இறக்குமதி நின்றால் தோட்டங்களுக்கு எவ்வளவு தானியம், எங்கே இருப்பு, யார் பிரிப்பது என்பதைத் தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடிக்கும். அதற்குமுன் காணி கைக்கு வந்தால், மரவள்ளியும் வற்றாளையும் இந்த வருடமே ஊன்றிவிடலாம்.