படித்த பிள்ளை யார் பக்கம்?

சிதறால் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகனும், முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் தாயின் மகளும் இன்று எம்.எஸ்ஸி. படிக்கிறார்கள். மெத்தச் சந்தோஷம். ஆனால் அந்த விஞ்ஞானம் யாருக்கு உதவப் போகிறது? நாம் கேட்பது இதைத்தான்.

வெகு தூரம் போக வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தோம். அங்குள்ள வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தில் தாமஸ் ஐசக் என்ற வாலிபர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். எதைப் பற்றி? பங்கு மார்க்கெட்டைப் பற்றியா? இல்லை. கயிற்றுப் பாய் நெசவுத் தொழிலையும், அதில் உழைத்தவர்களின் வர்க்கப் போராட்டத்தையும் பற்றி! ஆலப்புழைத் தொழிலாளியின் போராட்டம் பல்கலைக்கழக ஏடு ஏறியது.

பட்டம் வாங்கியதும் அவர் ஏட்டை மூடிவிடவில்லை. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தோடு சேர்ந்து கிராமத்துக்குப் போனார். பூமி விஞ்ஞானிகளும் பரிஷத் தொண்டர்களும் ஊர் இளைஞர்களுக்கு நிலப்படம் வரையக் கற்றுக் கொடுத்தார்கள். எது மேடு, எது பள்ளம், எந்த மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எந்தக் கிணறு கோடையில் வற்றும்? விஞ்ஞானி மண்ணைச் சோதிப்பார், சரி. போன கோடையில் எந்த வாய்க்கால் எங்கே நின்றது என்பதை அந்த வயலில் முப்பது வருஷம் குனிந்து நின்றவரிடம்தான் கேட்க வேண்டும். கண்ணூர் ஜில்லா கல்யாசேரியில் இந்த வேலை பஞ்சாயத்துத் திட்டமாகவே வளர்ந்தது. 1996இல் இடது முன்னணி சர்க்கார் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. மக்கள் திட்ட இயக்கம் பிறந்தது. திட்டக் குழுவில் இருந்து அதை நடத்தியவர்களில் ஐசக் ஒருவர்.

எல்லாம் பொன்னாய் முடிந்ததா? இல்லை. நாள் போகப் போகப் பல ஊர்களில் கிராம சபைக்கு வந்த கூட்டம் மெலிந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அங்கே தீர்மானிக்க ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

நம் குமரி ஜில்லாவில் நெல் வயல் சுருங்கி ரப்பரும் வாழையும் ஏறிவிட்டன. மலையை உடைத்த கல் லாரி லாரியாக எல்லை தாண்டுகிறது. எந்தக் குளம் தூர்ந்தது, எந்தப் பாறை போனதால் எந்த ஊற்று நின்றது என்று கணக்கெடுத்தவர் யார்? குவாரி முதலாளி எடுக்கமாட்டான். எம்.எஸ்ஸி. படித்த நம் பிள்ளைகள் எடுக்கலாம். பால்வெட்டுத் தொழிலாளியையும் விவசாயக் கூலியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள் உண்டு. அதில் ஒன்று மே 1, நம்முடைய நாள். அன்றைக்கு ஒரே ஒரு குளத்தின் படமாவது சபையில் விரிக்கப்படட்டும். வரவு செலவுக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்போம்.