வழி சொல்லும் கருவியும் முன் ஆசனத்தில் நீங்களும்



மகனையோ மகளையோ பார்க்க அவுஸ்திரேலியாவுக்கும் கட்டாருக்கும் போய் வருவது இன்று நம் குடும்பங்களில் புதினமல்ல. போன இடத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, கைத்தொலைபேசி வழி சொல்ல, குடும்பமாக ஊர் பார்க்கக் கிளம்புகிறோம். சில வேளை நீங்களே சாரதி. பல வேளை கணவரோ மகனோ ஓட்ட, நீங்கள் முன் ஆசனத்தில் இருப்பீர்கள். அந்த ஆசனத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இம்மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

“செய்மதியே வழி காட்டும்போது என்ன பயம்?” என்று நாம் நினைப்பதுண்டு. விடயம் அப்படியல்ல. சுமார் 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அந்தச் செய்மதிகளுக்கு எந்த வீதியும் தெரியாது. குறைந்தது 4 செய்மதிகளின் சமிக்ஞையை வைத்து, நாம் நிற்கும் இடம் எது என்று தொலைபேசி கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அது மனிதர் தயாரித்த வரைபடத்தைப் பார்த்தே சொல்கிறது. வரைபடத்தில் பிழை இருந்தாலும், நாம் கொடுத்த விலாசத்தில் பிழை இருந்தாலும், அதன் குரலில் தயக்கம் இருக்காது. பிழையான வழியையும் அதே உறுதியோடு சொல்லும்.

நடந்த மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

2016 பெப்ரவரியில் ஓர் அமெரிக்கர் ஐஸ்லாந்து விமான நிலையத்தில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அவருடைய ஹோட்டல் தலைநகர் ரெய்க்யாவிக்கில், லாகவேகுர் என்ற வீதியில் இருந்தது. முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் அவரிடமிருந்த விலாசத்தில் அது ‘லாகர்வேகுர்’ என்று ஓர் எழுத்துக் கூடி வந்திருந்தது. அந்தப் பெயரிலும் ஒரு வீதி இருக்கிறது, நாட்டின் வடகரையில்! பனி உறைந்த வீதியில் 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் அவருக்கு விடயம் விளங்கியது.

2012 மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு அருகே ஜப்பானிய மாணவர் மூவர் வாடகைக் காரில் ஒரு தீவுக்குப் புறப்பட்டார்கள். கருவி வழி காட்டியது. கடல் வற்றியிருந்த நேரம். சேற்றில் அரைக் கிலோமீற்றர் அளவு போய்ப் புதைந்து, நீர் ஏற ஏறக் காரை விட்டுவிட்டு வந்தார்கள். அந்தத் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில் அங்கே விக்டோரியா மாநிலப் பொலிஸார் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். மில்டூரா நகரம் இருக்கும் இடத்தை ஆப்பிள் தொலைபேசியின் வரைபடம் சுமார் 70 கிலோமீற்றர் தள்ளி, தண்ணீர் வசதியில்லாத ஒரு வனாந்தரத்தில் காட்டியது. வெப்பம் 46 பாகை வரை ஏறக்கூடிய இடம். சிலர் உணவும் நீருமின்றி 24 மணி நேரம் வரை அங்கே அகப்பட்டுக் கிடந்தார்கள். வரைபடம் பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் அந்த வாகனங்களில் ஒன்றில் கைக்குழந்தை இருந்திருந்தால் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றிலும் செய்மதிகள் மேல் பிழையில்லை. “இது சரிதானா?” என்று கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்டு நிறுத்தவில்லை.

அதைக் கேட்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். புறப்படுமுன் வீதியின் பெயரோடு ஊரின் பெயரையும் தபால் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ஒரு மணிப் பயணத்துக்கு ஐந்து மணி காட்டினால் அங்கேயே நில்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் உதவ, வரைபடத்தை முன்கூட்டியே தொலைபேசியில் இறக்கி வையுங்கள். குடிநீர், பிள்ளைகளுக்குத் தின்பண்டம், தொலைபேசிக்குச் சார்ஜர் மூன்றும் கையில் இருக்கட்டும். மண் பாதையில் போனாலோ, நீரில் இறங்கினாலோ வாடகைக் காரின் காப்புறுதி பெரும்பாலும் கைகொடுக்காது. ஒப்பந்தத்தை வாசித்த பிறகே கையொப்பமிடச் சொல்லுங்கள். வழியில் தொலைபேசியை நீங்கள் வைத்திருங்கள். ஓட்டுபவரின் கண் வீதியில் இருக்கட்டும். கட்டார் போன்ற நாடுகளில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுவதால், இடப்பக்கம் ஓடிப் பழகிய நம்மவருக்குக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

பாதை ஒடுங்கி, வீடுகள் மறைந்து, எதிரே வாகனமும் வராமல் போனால் வாய் திறந்து சொல்லுங்கள். “பேசாமல் இரு, மெஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்று அவர் சினக்கலாம். சினக்கட்டும். “அடுத்த பெற்றோல் ஷெட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் போவோமே” என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடம் பிந்துவதால் எதுவும் குறைந்துவிடாது. பின் ஆசனத்தில் உறங்கும் பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர வேண்டும், அதுதான் பெரிது.