பதினொரு மணிச் சட்டமும் நம் தோழர்களும்

குடியும் கொலையும் ஏழைகளின் பிறவிக் குணம் என்று போதிக்கும் கனவான்களுக்கு மறுமொழி கூறுதல் எளிது, பலமுறை கூறியுமுள்ளோம். இங்கு வழக்காட வேண்டியிருப்பது நம்மவருடனேயே. மதுக்கட்டுப்பாடு என்றதும், "அது சீர்திருத்தவாதிகளின் ஒழுக்கப் பிரசங்கம், வறுமை ஒழியாமல் வன்முறை ஒழியாது" என்று ஒரே மூச்சில் தீர்ப்பளித்துவிடும் தோழர்கள் பலர். (ஆசிரியர் அறை ஒவ்வொன்றிலும் ஒருவரேனும் உண்டு.) அவர்கள் டியாடெமாவின் செய்தியை அறிதல் நன்று.

பிரேசிலில், சாவோ போலோவை அடுத்துள்ள தொழிற்சாலை நகரம் அது. 1982ஆம் ஆண்டில் உலோகத் தொழிலாளி ஒருவரை நகரத் தலைவராகத் தெரிந்தெடுத்தது. அந்நாட்டின் தொழிலாளர் கட்சி முதன்முதல் வென்ற நகரங்களுள் ஒன்று. அந்நகரிலேதான் 1999இல் இலட்சம் பேருக்கு நூறு பேருக்கு மேல் என்ற வீதத்தில் மக்கள் கொலையுண்டனர். அக்கொலைகளிற் பெரும்பகுதி முதலாளிகளின் மாளிகை வாசலில் நிகழவில்லை. மதுச்சாலைகளையொட்டி, பின்னிரவில் நிகழ்ந்தது.

2002 யூலையிலிருந்து மதுச்சாலைகள் யாவும் இரவு 11 மணிக்கு மூடப்பட வேண்டுமென நகர நிருவாகம் சட்டஞ்செய்தது. அப்போதும் ஆட்சியிலிருந்தது தொழிலாளர் கட்சியே. மீறிய கடைக்கு முதலில் எச்சரிக்கை, பின்னர் தண்டம், இறுதியில் அனுமதிப்பத்திரப் பறிப்பு. குடிக்கவே கூடாதென எவருக்கும் விதிக்கவில்லை. 1995 முதல் 2005 வரையான கணக்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, இச்சட்டத்தால் மாதந்தோறும் ஏறத்தாழ 9 கொலைகள் குறைந்தன என்கிறது.

அந்த யூலையில் கூலி உயர்ந்ததா? உற்பத்திச் சாதனங்கள் கைமாறினவா? கடை மூடும் நேரமே மாறியது. "கொலைகள் முன்னரே குறையத் தொடங்கியிருந்தனவே" என்பர். ஆய்வாளர் அப்போக்கையும் கணக்கிற் கொண்டே இவ்வெண்ணைத் தந்தனர்.

வறுமை வன்முறையின் வேர் என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால், வேரைச் சுட்டிக்காட்டிக்கொண்டே மாதம் 9 உயிர்களைப் பலிகொடுப்பது எவ்வகை மார்க்சியம்? விடியும்வரை மது விற்கும் சுதந்திரம் வேண்டி நிற்பது மூலதனம். அச்சுதந்திரத்துக்கு நம் தத்துவத்திலே சான்று தேடிக்கொடுப்போர் எவர் பக்கம் நிற்கின்றனர்?

பூரண மதுவிலக்கை நாம் கோரவில்லை. 1920 முதல் 1933 வரை அதனைச் சட்டமாக வைத்திருந்த அமெரிக்கா, கள்ளச்சாராயக் கும்பல்களின் துப்பாக்கிகளுக்கே வாழ்வளித்தது.

ஒன்றை மட்டும் மறைத்தலாகாது. டியாடெமாவிற் பெண்கள்மீதான தாக்குதல்களும் குறைந்தன. எனினும், முன்னரே நிலவிய போக்கைக் கணக்கிற் கொண்டபோது அக்குறைவு சட்டத்தின் விளைவுதான் என்று நிறுவ முடியவில்லை. சட்டம் மூடியது கடைக்கதவை. வீட்டுக்கதவின் பின்னால் விழும் அடியை எவ்வகைக் கட்டுப்பாடு தடுக்கும் என்பதையே அடுத்து நாம் விவாதிக்க வேண்டும். அங்கேயும் "முதலில் வறுமை ஒழியட்டும்" என்று நம் தோழர்கள் சொல்வரோ?